மரித்த நண்பருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்



நெடுநாள் நம்மோடு ஒரே கோயிலில் முழந்தாளிட்டு ஜெபித்த ஒருவர் மரித்துப்போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் இல்லாதது நம் கண்ணில் படுகிறது. அவர் நிற்கும் தூண் ஓரம் வெறுமையாக இருக்கும். பூசைக்குப் பின் வாசலில் நின்று எல்லாரையும் நலம் விசாரிக்கும் குரல் கேட்காது. வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்திலோ, மரியாயின் சேனையிலோ, பாடற்குழுவிலோ அவர் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்ற கேள்வி எழும். அவருடைய வீட்டாருக்குத் துக்கம் சொல்லப் பலர் போவார்கள். மாலைகள் குவியும், தெருமுனையில் படத்தோடு தட்டியும் வைக்கப்படும். முப்பதாம் நாளோடு பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும்.

இவற்றைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. மனித அன்புக்கு இவை இயல்பான அடையாளங்களே. ஆயினும், விசுவாசத்தில் நமக்கு நண்பராயிருந்த ஒருவருக்கு இவ்வளவுதானா நாம் பட்ட கடன்? ஒரு கிறீஸ்தவன் தன் மரித்த நண்பனை எப்படி நினைவுகூர வேண்டும்? இக்கேள்விக்கு விடைதேட, நம் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்த இரண்டு நண்பர்களின் சரித்திரத்தை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

இரண்டு நண்பர்கள்

முதலாமவர் எவுஸ்தாக்கியுஸ் டிலனாய். இவர் ஐரோப்பியர், கத்தோலிக்கர், ஒல்லாந்தர் கம்பெனியின் படையில் பணிபுரிந்தவர். 1741-ம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் சேனை ஒல்லாந்தரைத் தோற்கடித்தது. அப்போது சிறைப்பட்டவர்களில் டிலனாயும் ஒருவர். மன்னர் அவருடைய திறமையைக் கண்டு, தமது படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கைதியாய் வந்தவர் நாளடைவில் அந்நாட்டின் பெரும் படைத்தலைவரானார். உதயகிரிக் கோட்டையே அவருடைய இருப்பிடமாயிற்று.

இரண்டாமவர் நீலகண்ட பிள்ளை. 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் தேதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தார். உயர்குலத்தவர், செல்வாக்குள்ள குடும்பத்தவர், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். பார்கவி அம்மாளை மணந்திருந்தார்.

ஒருவர் கடல்கடந்து வந்த அந்நியர், மற்றவர் அரசனுக்கு நெருங்கிய உள்நாட்டவர். அரசாங்க வேலையே இருவரையும் சந்திக்கச் செய்தது. நம் பங்கிலும் அப்படித்தானே? 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபின், எத்தனையோ ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் இப்பகுதிகளில் குடியேறின. வேலைக்காக வந்தவர்களே பக்கத்துப் பக்கத்து வீட்டாராகவும், ஒரே கோயிலின் மக்களாகவும், பிள்ளைகளுக்கு ஞானத்தாய் தகப்பன்மாராகவும் ஆனார்கள். தேவ பராமரிப்பு பெரும்பாலும் இத்தகைய சாதாரண வழிகளிலேதான் நடந்துவருகிறது.

யோபுவின் சரித்திரம்

ஒரு காலத்தில் நீலகண்டருக்கு அடுக்கடுக்காகத் துன்பங்கள் நேரிட்டன. பொருள் நஷ்டம் வந்தது. ஆடுமாடுகள் மாண்டன. மனம் சோர்ந்திருந்த அவரைக் கண்ட டிலனாய், வேதாகமத்திலுள்ள யோபுவின் சரித்திரத்தை அவருக்கு எடுத்துச்சொன்னார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. நீதிமானாயிருந்தும் மந்தையை இழந்து, மக்களை இழந்து, உடல் நலத்தையும் இழந்து, ஆயினும் சர்வேசுரனை விட்டுவிடாத அந்த மனிதனின் சரித்திரம் நீலகண்டரின் உள்ளத்தைத் தொட்டது. அந்தச் சர்வேசுரன் யார் என்று அவர் கேட்கத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யோபுவின் ஆகமத்தில் நண்பர்களும் வருகிறார்கள். அவர்கள் மூவர். யோபு துன்பப்படுகிறான் என்று கேள்விப்பட்டுத் தூரத்திலிருந்து வந்தார்கள். ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாயைத் திறந்த பின்புதான் கெட்டுப்போனார்கள். "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது" என்ற பொருள்பட வாதாடினார்கள். சர்வேசுரன் முடிவில் அவர்களைக் கண்டித்தார்.

டிலனாய் அந்த மூவரைப்போல் நடக்கவில்லை. நீ உன் தெய்வங்களுக்குச் செய்த குறையால்தான் இது வந்தது என்று இழித்துப் பேசவில்லை. எங்கள் வேதத்தில் சேர்ந்தால் இழந்ததெல்லாம் திரும்பிவரும் என்று ஆசைகாட்டவுமில்லை. துன்பத்திலும் தேவனைப் பற்றிநின்ற ஒருவனின் கதையைச் சொன்னார், அவ்வளவே.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய பாடம். "ஏன் முன்னமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை?" என்று கேட்பவர்களும், "யாரோ செய்த பாவம்" என்று முணுமுணுப்பவர்களும் யோபுவின் நண்பர்களுடைய பிந்திய வேலையைச் செய்கிறார்கள். அவர்களுடைய முந்திய வேலையைச் செய்வதே நமக்கு நல்லது. சும்மா அருகில் உட்காருங்கள். ஜெபமாலை சொல்லுங்கள். பேச வேண்டுமானால் தேவ இரக்கத்தைப் பற்றிப் பேசுங்கள்.

லாசர் என்ற பெயர்

நீலகண்டர் ஞானஸ்நானம் பெற விரும்பினார். திருவிதாங்கூரில் அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் வேதத்தில் சேருவது ஆபத்தான காரியம். ஆகவே டிலனாய், எல்லைக்கு அப்பால் நெல்லைச் சீமையிலிருந்த வடக்கன்குளத்துக்கு அவரை அனுப்பிவைத்தார். அங்கே மதுரை மிஷனைச் சேர்ந்த சேசுசபைக் குரு சங். புத்தாரி சுவாமி இருந்தார். 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ம் தேதி நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் லாசர். தேவன் துணையிருக்கிறார் என்பது அப்பெயரின் பொருள். அதைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். பின்னர் அவர் மனைவியும் தெரேசா என்ற ஞானஸ்நானப் பெயர் பெற்றார். தமிழில் அவரை ஞானப்பூ என்று அழைத்தார்கள்.

லாசர் என்ற பெயரைக் கேட்டவுடன் பெத்தானியாவின் நினைவு வருகிறதல்லவா? சேசுநாதர் அந்த லாசரைத் தம் நண்பன் என்றே சீஷர்களிடம் சொன்னார். மரித்த நண்பனுக்காக அவர் கண்ணீர் விட்டதாக அர்ச். அருளப்பர் எழுதிவைத்திருக்கிறார். சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தவரே அழுதார்! ஆகையால் விசுவாசமுள்ளவன் அழக்கூடாது என்று யாரும் சொல்லவேண்டாம். நண்பனுக்காக அழுவது விசுவாசக் குறைவல்ல. கல்லறைக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று எண்ணி அழுவதே விசுவாசக் குறைவு.

நண்பனால் செய்ய இயலாத காரியம்

தேவசகாயம் தாம் பெற்ற விசுவாசத்தை மறைத்துவைக்கவில்லை. உயர்குலத்தவராயிருந்தும் தாழ்த்தப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். அது பலருக்குப் பொறுக்கவில்லை. விரோதிகள் அவர்மேல் அரசத் துரோகக் குற்றமும் சாட்டினார்கள். 1749-ம் ஆண்டு அவர் கைது செய்யப்பட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விலங்கு, அடி, பசி, அவமானம் ஆகியவை அவருக்குக் கிடைத்தன. எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக அவரைக் கொண்டுபோனார்கள். விசுவாசத்தை விட்டால் விடுதலையும் பழைய பதவியும் உண்டு. அவர் விடவில்லை. 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதி, ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கிறீஸ்தவர்கள் அவருடைய எலும்புகளைச் சேகரித்துக் கோட்டாறு அர்ச். சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

அவரை வேதத்துக்கு அழைத்துவந்த நண்பர் அப்போது அதே நாட்டில், அதே மன்னரின் படைத்தலைவர்களில் ஒருவராயிருந்தார். அவருக்கிருந்த பதவி தேவசகாயத்தின் மரணத்தைத் தடுக்கவில்லை. நண்பர் மரித்தபின் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் டிலனாய் வாழ்ந்தார். 1777-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி மரித்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த அவருடைய கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

நம்மில் எத்தனை பேர் ஒரு நண்பரின் கட்டிலருகே இப்படிக் கையறு நிலையில் நின்றிருக்கிறோம்! மருந்து பலிக்கவில்லை, பணம் பலிக்கவில்லை, சிபாரிசும் பலிக்கவில்லை. "நான் ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்றே" என்ற ஏக்கம் ஆண்டுக்கணக்காகச் சிலரை வாட்டுகிறது. அப்படிப்பட்டவர்கள் இச்சரித்திரத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். தேவசகாயத்தின் விலங்கைக் கழற்ற டிலனாயின் கையால் இயலவில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் அவர் வாயால் சொன்ன யோபுவின் சரித்திரம் அந்தச் சிறைக்குள்ளும் போயிற்று. ஆடுமாடுகளை இழந்த நாளில் கொடுத்த ஆறுதல், உயிரை இழக்கும் நாள்வரைக்கும் உதவியது. ஒரு நண்பர் நமக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம், நம்மைச் சாவிலிருந்து காப்பதல்ல, சாவிலும் நம்மை விட்டுப் போகாதவரிடம் நம்மைக் கொண்டுசேர்ப்பதே.

திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிவந்த நால்வரை நினைத்துப் பாருங்கள். அவனைச் சொஸ்தப்படுத்த அவர்களால் ஆகாது. வீட்டுக் கூரையைப் பிரித்து அவனைச் சேசுநாதரின் முன் இறக்கத்தான் அவர்களால் ஆயிற்று. அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்தே ஆண்டவர் அவனுக்கு இரங்கினார் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. மரித்த நண்பருக்காக நாம் ஒப்புக்கொடுக்கும் ஒவ்வொரு பூசையும் அப்படிப்பட்ட கூரை பிரிக்கும் வேலைதான்.

இரண்டு கல்லறைகள்

இப்போது பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருகிறோம். தேவசகாயம் 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022-ம் ஆண்டு மே மாதம் 15-ம் தேதி உரோமையில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டவர் என்று பிரகடனம் செய்தார். இந்திய நாட்டின் பொதுநிலையினருள் பீட வணக்கம் பெற்ற முதல்வர் அவரே. அச்சமயம் சாதிப் பெயர் இல்லாமல், தேவசகாயம் என்று அழைக்கப்பட்ட லாசர் என்ற பெயராலேயே அவரைத் திருச்சபை அழைத்தது.

கணக்குப் பாருங்கள். 1752-க்கும் 2012-க்கும் நடுவே 260 ஆண்டுகள்! அவர் வேதசாட்சியாக மரித்ததை அக்காலத்துக் கொச்சி மேற்றிராணியாரே உரோமைக்கு எழுதி அறிவித்திருந்தார். மக்கள் அவருடைய கல்லறையை நாடி வந்துகொண்டேயிருந்தார்கள். ஆயினும் திருச்சபை அவசரப்படவில்லை. நாமோ, மரித்தவரின் உடல் வீட்டைவிட்டுப் போகுமுன்னே "அவர் நேரே மோட்சத்துக்குப் போய்விட்டார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அன்பினால் சொல்லுகிறோம், உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையினால் அவருக்கு ஒரு நஷ்டம் உண்டாகிறது. மோட்சம் சேர்ந்துவிட்டவருக்கு ஜெபம் எதற்கு என்று நாம் நிறுத்திவிடுகிறோம் அன்றோ? உத்தரிக்கிற ஸ்தலத்தில் நம் உதவிக்காக அவர் காத்திருந்தால் அவர் கதி என்ன?

ஆகவே இரண்டு நண்பர்களின் இரண்டு கல்லறைகளும் நமக்கு இரண்டு கடமைகளைக் கற்பிக்கின்றன. கோட்டாற்றுக் கல்லறையின் முன் நிற்கிறவன், "அர்ச்சியசிஷ்ட தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறான். உதயகிரிக் கல்லறையின் முன் நிற்கும் கத்தோலிக்கன், "ஆண்டவரே, இவருக்கு இளைப்பாற்றியைத் தந்தருளும்" என்று வேண்டுகிறான். சொல்லிக் கொடுத்தவர் பீடத்தில் இல்லை, கேட்டுக்கொண்டவரே பீடத்தில் இருக்கிறார். நம் பங்கில் மரித்த நம் நண்பர்கள் பெரும்பாலும் டிலனாயைப் போன்றவர்கள். யாரையோ விசுவாசத்தில் நிலைநிறுத்தினார்கள், தங்கள் வேலையைச் செய்தார்கள், மரித்தார்கள். அவர்களுக்கு நம் ஜெபம் தேவை.

நண்பருக்காக ஜெபிப்பது நமக்கும் நன்மையே. யோபு ஆகமத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தன்மேல் பழி சொன்ன அந்த நண்பர்களுக்காகவே யோபு வேண்டிக்கொண்டான். அப்படி நண்பர்களுக்காக வேண்டிக்கொண்டபோதுதான் சர்வேசுரன் அவனுடைய நிலைமையை மாற்றி, இழந்ததை இரட்டிப்பாகத் தந்தார். மரித்த நண்பரோடு தீராத மனஸ்தாபம் இருந்ததா? அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் இனி வழியில்லையே என்று தவிக்கிறீர்களா? வழி உண்டு. அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்து, அவருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

எங்கே புதைப்பது என்ற சண்டை

நம் பகுதியில் அடிக்கடி எழும் ஒரு வழக்கையும் சொல்லவேண்டும். தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்த ஒருவர் இங்கே முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து மரிக்கிறார். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணன் தம்பிகள் சொல்லுகிறார்கள். இங்கேயே அடக்கம் செய்யவேண்டும் என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். பிரேதத்தை வைத்துக்கொண்டே பகை வளர்கிறது.

அர்ச். மோனிக்கம்மாள் 387-ம் ஆண்டு, ஆப்பிரிக்காவிலுள்ள தம் சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில், உரோமைக்கு அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் வியாதியாய் விழுந்தார். சொந்த நாட்டில் புருஷனுடைய கல்லறையருகே தாமும் அடக்கமாக வேண்டும் என்று முன்பு அவர் ஆசைப்பட்டதுண்டு. மரண வேளையிலோ அந்த ஆசையை விட்டுவிட்டார். தம் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள் என்றும், ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்றும் மக்களிடம் சொன்னார். இதை அவர் மகனாகிய அர்ச். அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். ஊர் எதுவாயினும் பீடம் ஒன்றே. நம்மவர்கள் இந்த அம்மாளின் கடைசி விருப்பத்தை நினைவில் வைத்தால் எத்தனையோ சண்டைகள் ஓயும்.

செய்யவேண்டியவை

ஆகையால், மரித்த நண்பர் ஒருவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, பூசை. மாலைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையேனும் அவருடைய ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதற்கு ஒதுக்குங்கள். அந்தப் பூசையில் நீங்களும் பங்குபெறுங்கள். பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருப்பது நட்பல்ல.

இரண்டாவது, கல்லறை. நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள். நவம்பர் 1-ம் தேதி முதல் 8-ம் தேதி வரை கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, மரித்தவர்களுக்காக ஜெபித்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பாப்பரசரின் கருத்துகளுக்காக வேண்டிக்கொள்ளுகிறவர்கள், பாவப்பற்று எதுவுமில்லாதவர்களாயிருந்தால், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குப் பரிபூரண பலனை ஒப்புக்கொடுக்கலாம். மெழுகுவர்த்தியும் பூவும் வைப்பதோடு திரும்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, அவருடைய வீடு. தேவசகாயம் மரித்த அன்று ஞானப்பூ அம்மாள் விதவையானார். நம் நண்பர் மரிக்கும்போதும் ஒரு வீடு தனிமையாகிறது. முப்பதாம் நாளுக்குப் பிறகுதான் அந்த வீட்டில் உண்மையான வெறுமை தொடங்குகிறது. பிள்ளையின் படிப்பு, ஓய்வூதியப் பத்திரம், வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஆகிய காரியங்களில் துணைபோகிறவனே மெய்யான நண்பன். மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

நான்காவது, அவருடைய வேலை. அவர் செய்துவந்த நற்கிரியை ஒன்றையாவது எடுத்துச் செய்யுங்கள். நோயாளிகளைச் சந்தித்து வந்தாரா? அவர் போன வீடுகளுக்கு நீங்கள் போங்கள். பீடத்துக்குப் பூ வைத்து வந்தாரா? அந்த வேலையை உங்கள் மகளுக்குப் பழக்குங்கள். டிலனாய் ஒருவருக்குச் சொன்னார், அந்த ஒருவர் தம் மனைவிக்குச் சொன்னார். விசுவாசம் அப்படித்தான் கைமாறி நம்மிடம் வந்திருக்கிறது. நம் கையோடு அது நின்றுவிடலாகாது.

இந்த வாரம் இரவு ஜெபத்துக்குக் குடும்பமாகக் கூடும்போது, தகப்பன்மார் பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: நம் குடும்பத்தைக் கோயிலோடு இணைத்துவைத்தவர் யார்? அவர் உயிரோடிருந்தால், அவரிடம் போய் நன்றி சொல்லியிருக்கிறோமா? மரித்திருந்தால், கடைசியாக அவருக்காக எப்போது ஜெபித்தோம்? விடை சொன்னபின், அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் வேண்டிக்கொள்ளுங்கள். ஜனவரி 14-ம் தேதி அர்ச். தேவசகாயத்தின் திருநாள். பொங்கல் நாட்களோடு அது வருவதால் மறக்க இடமில்லை. அன்று அவரிடம் நம் மரித்த நண்பர்கள் எல்லாரையும் ஒப்படைத்து வேண்டுவோமாக.

மரித்த விசுவாசிகளின் ஆத்துமாக்கள் சர்வேசுரனுடைய இரக்கத்தினால் சமாதானத்தில் இளைப்பாறக்கடவன.

ஆண்டவரில் உங்கள் ஊழியன்,
பங்குக்குரு